நிற்கக் கூடாத உருண்டை

"உங்க வூட்டுல யாருக்காச்சும் சக்கரை இருக்குதா?"

பெண் பார்க்க வந்த அன்று காந்திமதி அஸ்வினியிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை, சமைக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராக முகத்தைப் பார்த்து அதை மட்டும் கேட்டாள். அஸ்வினி வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா கிருஷ்ணவேணி முந்திக்கொண்டாள்.

"எங்க பரம்பரையிலயே கெடையாதுங்க சம்மந்தி."

அப்பாவின் சர்க்கரை மாத்திரைகள் உள் அறையில் பீரோவுக்குப் பின்னால் இருந்தன. காலையில்தான் அம்மா அங்கே தள்ளி வைத்திருந்தாள்.

வளவனூர் அம்மா வீட்டில் சொன்ன பொய் இரண்டு வருடம் கழித்துத் திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் உடைந்தது. கர்ப்பத்தின் ஆறாம் மாதம் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். "குடும்பத்துல யாருக்கும்மா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார். "அப்பாவுக்கு" என்று அஸ்வினி சொல்லிவிட்டாள். பக்கத்து நாற்காலியில் மாமியார் இருந்தாள்.

ஆட்டோ வீட்டு வாசலில் வந்து நின்றது. இறங்கும்போதே காந்திமதி ஆரம்பித்தாள்.

"மாடு விக்கிறவன் கூட சுழி எங்கருக்குன்னு சொல்லிட்டுதான் விப்பான். உங்கம்மா இன்னாத்த சொன்னா? என் பேரன் வயித்துல இருக்கறப்பவே வியாதிய எழுதி வச்சிட்டீங்களே."

அன்று முதல் அந்த வீட்டில் அஸ்வினிக்குச் சக்கரைக்காரி என்று பெயர். "சக்கரைக்காரிக்குக் கேப்பைக் களி கிண்டு." "சக்கரைக்காரி வர்றா, அந்த மைசூர்பாகை எடுத்து உள்ள வை." விழுப்புரத்தில் டிராக்டர் கம்பெனி ஷோரூமில் வேலை பார்க்கும் கணவன் கோகுலகிருஷ்ணனிடம் சொன்னால், அவன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அம்மா வாய் அப்படித்தான். வுடேன், பேஜாரு பண்ணாத" என்பான். அவனைப் பொறுத்தவரை அத்தோடு அந்த விஷயம் தீர்ந்தது.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பிரசவத்துக்கு அம்மா வீடு. அஸ்வினி அந்தத் தேதிக்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். வளைகாப்புக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது காந்திமதி அதிலும் கை வைத்தாள்.

"சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்கற ரீடிங்கு நூத்தி இருவதுக்குள்ள வரணும். வந்தா அனுப்புறேன். வரலன்னா வளையலைப் போட்டுக்கினு இங்கியே கெட. இந்த ஆஸ்பத்திரியிலயே பெத்துக்கலாம்."

"சரிங்க அத்தை" என்றாள் அஸ்வினி. அந்த வீட்டில் அவள் அதிகம் சொன்ன வார்த்தைகள் அவை இரண்டுதான்.

சோற்றைக் குறைத்தாள். கீரையும் முட்டையும் கூட்டினாள். சாப்பிட்டதும் வீட்டு முன்னால் இருபது நிமிடம் நடந்தாள். எல்லாம் அவளால் முடிந்தது, மதியச் சாப்பாடு முடிந்ததும் நாக்கு இனிப்புக்குத் தவிக்குமே, அதை மட்டும் அடக்க முடியவில்லை. ஒருநாள் பூஜை அறையில் படைத்திருந்த வெல்லக் கட்டிக்குக் கை போய்விட்டுத் திரும்பியது. அப்போதுதான் செல்போனில் தேடி அந்த உருண்டையைக் கண்டுபிடித்தாள். அடுப்பு வேண்டாம், ஓவன் வேண்டாம், பாகு வேண்டாம். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வெண்ணெய் போல அரைத்துச் செய்வது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு அட்டவணை எழுதிக் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டாள். சிறியதாக இரண்டு சாப்பிடலாம், இனிப்புக்குச் சீனித்துளசிப் பொடி ஒரு சிட்டிகை போதும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

வீட்டில் மல்லாட்டைக்குப் பஞ்சமில்லை. சொந்த நிலத்தில் விளைந்தது மூட்டை மூட்டையாகக் கிடந்தது. காந்திமதி மாலை நேரத்துக்கு வறுத்து டின்னில் போட்டு வைத்திருப்பாள். அதில் இரண்டு கை அள்ளித் தோலை ஊதிவிட்டு மிக்சியின் சின்ன ஜாரில் போட்டால் முதலில் பொடியாகும். பிறகு பக்கமெல்லாம் அப்பிக்கொண்டு கட்டியாகும். இனி ஒன்றும் ஆகாது என்று தோன்றும் நேரத்தில் எண்ணெய் விட்டு, பளபளவென்று இளகி, ஜாருக்குள் தானாகவே சுழலும். அதில் கொப்பரைத் துருவல், கோகோ பொடி, ஒரு கரண்டி வெண்ணெய், உப்புக் கல் இரண்டு, சீனித்துளசி. கலந்து உருட்டி பிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும்.

"இன்னாது அது, மாட்டுக்குப் புண்ணாக்கு உருட்டுறியா?" என்றாள் காந்திமதி.

"எனக்குதாங்க அத்தை. சக்கரை சேக்காத இனிப்பு."

"சக்கரை சேக்காம இனிப்பா? இன்னும் இன்னா பொய்யெல்லாம் சொல்லுவீங்களோ, அம்மாவும் பொண்ணும். மாசமா இருக்கறவ மல்லாட்டை தின்னா புள்ளைக்கு ஒடம்பெல்லாம் கரப்பான் புண்ணு வரும், தெரியும்ல? என் நிலத்து மல்லாட்டைய மிக்சியில போட்டு நாசம் பண்ணிக்கினு."

திட்டிக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். முகத்தைச் சுளித்தாள். ஆனால் முழுதாக விழுங்கினாள்.

அந்த உருண்டைக்கு ஒரு குறை உண்டு. நிற்காது. பாகு இல்லாததால் பிடிமானம் கிடையாது. பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தால் வைகாசி வெயிலுக்குப் பத்து நிமிடத்தில் சரிந்து, எண்ணெய் விட்டுத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். எடுத்தவுடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அஸ்வினி அதற்கும் பழகிவிட்டாள்.

முதல் நான்கு நாளில் மதிய ரீடிங் நூற்று நாற்பதிலிருந்து நூற்று இருபத்தாறுக்கு இறங்கியது. ஒவ்வொரு நாளும் காந்திமதி மிஷினை வாங்கித் தானே பார்த்தாள்.

ஐந்தாம் நாள் நூற்று நாற்பத்தெட்டு. ஆறாம் நாள் நூற்று அறுபத்தைந்து. ஏழாம் நாள் நூற்று எழுபத்திரண்டு. இன்னும் ஏறினால் ஊசிதான் என்று டாக்டரம்மா போனில் சொன்னார்.

"திருட்டுத் தீனி" என்றாள் காந்திமதி, சாயங்காலம் கோகுலகிருஷ்ணன் ஷூவைக் கழற்றுவதற்குள். "உம்பொண்டாட்டி திருடித் தின்றாடா. இல்லன்னா எப்டி ஏறும்?"

"ஏய், நெசமா?" என்று அவன் கேட்டான்.

இல்லையென்று அஸ்வினி தலையை ஆட்டினாள். அவன் நம்பவில்லை என்பது அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போன விதத்திலேயே தெரிந்தது. வெல்ல டின்னும் சர்க்கரை டப்பாவும் அன்று அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. சாவி காந்திமதியின் இடுப்பில் தொங்கியது. அஸ்வினி சோற்றை இன்னும் ஒரு கைப்பிடி குறைத்தாள். பசியில் தலை சுற்றியது. மறுநாளும் நூற்று எழுபது. வயிற்றில் குழந்தை புரளும்போதெல்லாம், நான் உனக்கு என்ன செய்தேன் என்று அவளுக்கு அழுகை வந்தது.

ஒன்பதாம் நாள் மதியம், பிரிட்ஜிலிருந்து இரண்டு உருண்டையைத் தட்டில் எடுத்து வைத்தபோது அம்மாவின் போன் வந்தது. வளைகாப்புக்கு எத்தனை தட்டு வரிசை, யார் யார் வேனில் வருகிறார்கள் என்று கிருஷ்ணவேணி அரை மணி நேரம் பேசினாள். போனை வைத்த பிறகுதான் அஸ்வினிக்குத் தட்டு நினைவுக்கு வந்தது. கூழாகக் கிடக்கும் என்று நினைத்தபடி பார்த்தாள்.

இரண்டும் கல்லு மாதிரி நின்றன.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கைப்பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்தாள். இந்த நாலைந்து நாளாகவே ருசியும் கூடியிருந்தது, அதையும் தன் கைக்கே பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு யோசித்தாள். அதே மல்லாட்டை, அதே கொப்பரை, அதே அளவு. எப்படி நிற்கும்? ஒன்றை விரலால் நசுக்கினாள். எண்ணெய் கையில் ஒட்டவில்லை. மாவு ஒட்டியது, பொட்டுக்கடலை மாவு. உள்ளே நறநறவென்று ஏதோ இருந்தது. ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தாள். பனங்கற்கண்டு.

அவள் உருட்டி வைத்துவிட்டு மதியம் படுத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் யாரோ அதைப் பிரித்து, கலந்து, மறுபடி உருட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் மதியம் விழித்திருப்பவள் ஒருத்திதான்.

அஸ்வினி கேட்கவில்லை. கேட்டால், கண்ணால் பார்த்தாயா என்பாள். கணவன், பேஜாரு பண்ணாத என்பான். அதனால் மறுநாளிலிருந்து இரண்டு பங்காகச் செய்தாள். ஒன்றை வழக்கம்போல் உருட்டி பிரிட்ஜில் வைத்தாள். இன்னொன்றை உருட்டாமலே சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அளவாக ஒரு கரண்டி வழித்துத் தின்றாள். பிரிட்ஜ் உருண்டைகள் தினமும் இரண்டாகப் பின்பக்கத்து வாழையடியில் மண்ணுக்குள் போயின.

நூற்று முப்பத்தொன்று. நூற்று இருபத்திரண்டு. நூற்று பதினான்கு.

காந்திமதி தினமும் மிஷினை வாங்கிப் பார்த்தாள். அஸ்வினியும் தினமும் பிரிட்ஜ் உருண்டையில் ஒரு நுனியைக் கிள்ளிப் பார்த்தாள். ரீடிங் இறங்க இறங்க உருண்டை இன்னும் இறுகியது, இன்னும் தித்தித்தது. மாமியார் கற்கண்டை மருந்து என்று நம்பிப் போட்டிருப்பாள் என்று அதுவரை மனதின் ஒரு மூலையில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சமாதானமும் போனது.

வளைகாப்பு அன்று பந்தலில் நாற்பது பெண்கள். கன்னத்தில் சந்தனமும் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையலுமாக அஸ்வினி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புளிசோறு, தயிர்சோறு, எலுமிச்சைச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று முன்னால் வரிசையாக இருந்தன. கிருஷ்ணவேணி வேனைத் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து, "நல்ல நேரம் போறதுக்குள்ள கெளம்பலாங்களா சம்மந்தி?" என்றாள்.

"எங்க கெளம்பறது?" என்றாள் காந்திமதி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "நூத்தி இருவதுக்குள்ள வந்தாதான் அனுப்புவேன்னு சொன்னேன்ல?"

"நேத்து நூத்தி பதினாலுதான அத்தை" என்றாள் அஸ்வினி.

"போன வாரம் நூத்தி எழுவது. ஒரு வாரத்துல எறங்குமா? மிஷினுல இன்னா தில்லுமுல்லு பண்ணியோ. பொய் சொல்றதுதான் உங்க பரம்பரைக்கே வருமே."

கிருஷ்ணவேணியின் முகம் செத்துப்போனது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அஸ்வினி எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பிரிட்ஜிலிருந்த டப்பாவை எடுத்து வந்து சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தாள்.

"இத நிறுத்துனேன். எறங்கிடுச்சு" என்றாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு தூரம் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் செய்யற உருண்டை நிக்காது. இது நிக்குது. நான் தூங்கறப்ப இதுல இன்னா கலந்தீங்க அத்தை?"

பங்காளி வீட்டுத் தமிழ்மணி பெரியம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். பல்லில் கடக்கென்று சத்தம் கேட்டது.

"அடிப்பாவி காந்திமதி, கற்கண்டாடி இது? சக்கரை இருக்கற புள்ளத்தாச்சிக்கா?"

காந்திமதி மழுப்பவில்லை. "ஆமா, போட்டேன். இன்னா இப்ப?" என்றாள். "பெரியவன் பொண்டாட்டி கவிதாவும் இப்டித்தான் கை நெறைய வளையல் போட்டுக்கினு போனா. திரும்பி வந்தாளா? எம்புள்ளையையும் இஸ்துக்கினு போய் விக்கிரவாண்டியில குடி வச்சிட்டா. மூணு வயசாவுது, அந்தப் பேரன நான் மூணு தடவ பாத்திருக்கேன். இவளும் போவா. இவனும் பின்னாலயே போவான்."

"அதுக்குன்னு எம்பொண்ண ஊசி போடற அளவுக்கு ஏத்திவுடுவியா?" என்று கிருஷ்ணவேணி பாய்ந்தாள். "வயித்துல இருக்கறது உன் ரத்தம்தானடி!"

"புருஷன் மாத்திரைய ஒளிச்சு வச்சுப் பொண்ணத் தள்ளிவுட்டவ நீ. எனக்கு நாயம் சொல்ல வந்துட்டியா?"

"இருங்க, ரெண்டு பேரும் சும்மா இருங்க." கோகுலகிருஷ்ணன் நடுவில் வந்தான். அஸ்வினியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினான். "அம்மா ஏதோ தெரியாம பண்ணிட்டாங்க. ஊர் முன்னால இப்டியா போட்டு ஒடைப்ப?"

"தெரியாமயா?" என்றாள் அஸ்வினி. "நம்பரு கொறைய கொறைய கூட்டிப் போட்டாங்க. தெனமும் நான் கிள்ளிப் பாத்தேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான். காந்திமதி தரையைப் பார்த்தாள்.

வேன்காரன் வெளியே ஹாரன் அடித்தான். அஸ்வினி நடந்தாள். பந்தலின் வாசலில் காந்திமதி குறுக்கே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் வீம்பு குறையவில்லை.

"போ. தடுக்கல. ஆனா போய்ட்டு வர்றேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. இத்தினி பேர் முன்னால சொல்லு."

"இன்னாடி கேக்கற?" என்று தமிழ்மணி பெரியம்மா அதட்டினாள். "வளையல் போட்டுக்கினு பிரசவத்துக்குப் போறவ யாருகிட்டயும் சொல்லிக்கினு போகக் கூடாது. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்கு அவ சொல்லணும்." காந்திமதி அஸ்வினியின் வளையல் கையைப் பிடித்துக்கொண்டாள். "வர்றேன்னு சொல்லு. ஒரு வார்த்த. சொல்லிடு."

பெண்கள் எல்லோரும் அஸ்வினியின் வாயைப் பார்த்தார்கள். கோகுலகிருஷ்ணனும் பார்த்தான்.

அஸ்வினி மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். அம்மா கொடுக்க வந்த கையைப் பிடிக்காமல் தானே படியேறி வேனில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.