இரும்பு வாங்காத சனிக்கிழமை

துப்பாக்கிக் கடைக் கிழவன் இரண்டு கைகளையும் விரித்தபோதே வரதராஜாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. சுவரில் மற்றத் துவக்குகள் வரிசையாக நிற்க, நடுவில் ஒரு பல் விழுந்தாற்போல ஓர் இடைவெளி. சனிக்கிழமை மத்தியானம், கடை பூட்டுகிற நேரத்தில் எவனோ ஒருத்தன் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். "எடுத்து வைக்கச் சொல்லியிருந்தால் வைத்திருப்பேனே" என்று கிழவன் ஆங்கிலத்தில் அனுதாபப்பட்டான். அந்த அனுதாபத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டு என்று சொல்ல வாய்வரை வந்தது. செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமையில் பரமட்டாவுக்கு ஓடிவந்ததற்கு இதுதான் மிச்சம்.

துவக்கு என்றால் ஏதோ ஒரு துவக்கு அல்ல. பேர்மிங்காமில் செய்த இரட்டைக்குழல். ஊரில், பரந்தனில், வயலுக்குள் இறங்கும் பன்றிகளுக்காக அவர் வைத்திருந்தாரே, அதே செய்கை, அதே பிடி. தோளில் வைத்தால் கன்னம் தானாகப் போய்ச் சாயும். சிட்னிக்கு வந்த நாளிலிருந்து அப்படியொன்றைத் தேடி அவர் ஏறி இறங்காத கடையில்லை. லைசென்ஸ்கூட எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். போன கிழமை கண்ணில் பட்டதும் அங்கேயே பேசி முடித்திருக்கலாம். ஆசையைக் காட்டினால் கிழவன் விலையை ஏற்றிவிடுவான் என்று, சும்மா பார்க்க வந்தவர்போல மேலும் கீழும் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்தார். அப்படியொரு கெட்டித்தனம்!

பரந்தன் துவக்கு போன கதையை நினைத்தால் இன்னும் வயிறு எரியும். அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிடும்போது அதை மனைவி யோகராணியின் அண்ணன் கணேசலிங்கத்திடம் ஒப்படைத்தார். "யோசியாதை மச்சான், நான் பாத்துக்கொள்ளுவன்" என்று கையில் அடித்துச் சொன்னான் அந்த மனுசன். அடுத்த வருடம், எழுபத்தொன்றில், தெற்கே அரசாங்கத்துக்கு எதிராக இளைஞர் கிளர்ச்சி வந்தது. துவக்குகளைப் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார்கள் என்றதும் ஊரிலேயே முதல் ஆளாகப் போய்க் கொடுத்தவன் அவன்தான். சந்தடி அடங்கியபின் மற்றவர்கள் அலைந்து திரிந்து தங்கள் துவக்கைத் திருப்பி எடுத்தார்கள். கணேசலிங்கம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவன் பெயரைக் கேட்டாலே வரதராஜா பல்லைக் கடிப்பார்.

அதுதான் போனது, இதையாவது விடக்கூடாது என்று சனிக்கிழமை காலை சப்பாத்தும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவரை யோகராணி வாசலில் மறித்தாள்.

"சனிக்கிழமையில ஆரும் இரும்பு வாங்குவினமே? சனியனைக் கையில பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரப்போறியளே? திங்கட்கிழமை போய் வாங்குங்கோ."

நாள் முழுக்க இரும்போடு மாரடிக்கிற பொறியியலாளர், அந்த ஒரு சொல்லுக்கு அடங்கிச் சப்பாத்தைக் கழற்றினார். படித்தவர்தான். ஆனால் சனீஸ்வரனோடு மட்டும் அவர் சேட்டை விடுவதில்லை.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. ஸ்டியரிங்கில் குத்திக் குத்தியே டூங்கபி வீட்டுக்கு ஓட்டினார். அவருடைய துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு எவனோ ஒரு வெள்ளைக்காரன் முயலுக்குக் குறி பார்க்கிறான் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. கிழவனைத் திட்டினார், வாங்கியவனைத் திட்டினார், சனீஸ்வரனையும் மெதுவாகத் திட்டினார். பாதி வழியில்தான் சட்டென்று பொறி தட்டியது. இந்தக் காரை வாங்கியது என்ன கிழமை? சனிக்கிழமை! யோகராணிதான் சந்தனப் பொட்டு வைத்தாள். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னதும் அவள்தான். புல்லு வெட்டுகிற மெஷின் வந்ததும் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கெல்லாம் இரும்பு இரும்பாகத் தெரியவில்லையோ? அதுவரை நட்டப்பட்டவனின் கோபம். அதற்குப் பிறகு ஏமாற்றப்பட்டவனின் கோபம். இரண்டாவதுதான் பொல்லாதது.

வாசல் கேற்றை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போனார். யோகராணி குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேர், எங்கட கார் என்ன கிழமை வாங்கினது?"

அவள் திரும்பவில்லை. கையைத் துடைத்துவிட்டு அடுப்பை நிற்பாட்டினாள். "துவக்கை வித்துப்போட்டானோ?"

"நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லு! கார் என்ன பனையோலையிலயே செய்தது?"

"சனிக்கிழமைதான் வாங்கினது. எனக்குத் தெரியும்."

"அப்ப துவக்குக்கு மட்டும் என்னடி சனி?"

"சனியில்லாட்டிச் செவ்வாய் எண்டிருப்பன். செவ்வாயில்லாட்டி அட்டமி நவமி எண்டிருப்பன். உங்களுக்கு ஒரு நாளும் நல்ல நாள் வந்திராது."

வரதராஜாவுக்குக் காது இரண்டும் அடைத்தது. "அண்ணனும் தங்கச்சியும் சேந்து என்னைப் பேயனாக்கிப் போட்டியள், என்ன?"

"ஓம். நாங்கள் வெளிக்கிடேக்கையே அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டனான், இந்தச் சாமான் இவரின்ர கையில திரும்பக் கிடைக்கக் கூடாதெண்டு."

சாப்பாட்டு மேசைக் கதிரை எப்படித் தலைக்கு மேலே போனதென்று அவருக்கே தெரியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவளை அடிக்கவா, சுவரில் அடிக்கவா என்றுகூட அவர் யோசித்திருக்கவில்லை.

"வாய்க்கால் தண்ணிச் சண்டையில அண்ணையின்ர நெஞ்சுக்கு நேரை துவக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்," என்றாள் யோகராணி. குரலை உயர்த்தவில்லை. "அப்பவும் உங்கட முகம் இப்பிடித்தான் இருந்தது."

அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தன் வயலுக்குத் தண்ணீர் திரும்பிய நாள். மச்சான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெலவெலத்துப்போய் ஓடியதை நினைத்து எத்தனையோ தரம் தனியாகச் சிரித்திருக்கிறார்.

"அது வெறுந் துவக்கடி! உள்ளுக்குத் தோட்டா இல்லை. எனக்குத் தெரியாதே?"

"உங்களுக்குத் தெரியும். அண்ணைக்குத் தெரியாது. அவருக்கு முன்னால வந்து நிண்ட எனக்கும் தெரியாது."

அவள் முன்னால் வந்து நின்றாளா? வரதராஜா யோசித்துப் பார்த்தார். மண்வெட்டி ஞாபகம் வந்தது, வரம்பு ஞாபகம் வந்தது, மச்சானின் முகம்கூட வந்தது. அவள் மட்டும் வரவில்லை.

கதிரையைக் கீழே வைத்தார். கோபம் இறங்கவில்லை. யார் தலையில் அதைக் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. யூலை மாதக் குளிர் காற்று காலைச் சுரண்டியது. பார்த்தால் குசினிப் பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. கிடைத்தது சாட்டு என்று அதில் பாய்ந்தார்.

"இந்தக் குளிருக்குள்ள கதவை ஏன் துறந்து வைச்சிருக்கிறாய்?"

யோகராணி செருப்புக் காலோடு, ஒரே எட்டில் வெளியே இறங்கிவிடும்படி அந்தக் கதவோரமாகத்தான் நின்றாள்.

"நீங்கள் கேற்றை அடிச்சுச் சாத்தின சத்தம் கேட்டுத் துறந்தனான்," என்றாள். "எப்பவும் துறக்கிறனான்."