மூன்று முறை தட்டியாயிற்று

நோயாளி விவரம் பதிகிற கருவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு நர்ஸம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் கட்டு மாற்றுகிறவள், இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவளைக் கேட்காமல் வாங்கினால் நாளைக்கு யாராவது வாயைத் திறப்பார்களே என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே தான் ஒப்புக்குச் சப்பாணி என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் போய் உட்கார்ந்தாள்.

மேஜையில் இரண்டு கருவிகள். இரண்டுமே உள்ளங்கையில் அடங்குபவை, குச்சிப் பேனாவால் திரையைத் தொட்டால் வேலை செய்பவை. ஒன்றில் குட்டி விசைப்பலகை இருந்தது, செங்கல் கனம். இன்னொன்று சோப்புக் கட்டி அளவுதான், சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. அதில் குறிப்பு எழுத இடம் கொஞ்சம் குறைவு என்பதை விற்க வந்தவன் வாய்க்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டான்.

"சிஸ்டர், தூக்கிட்டு அலையப்போறது நீங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் மேலாளர்.

ஒரு நாளைக்குப் பதினான்கு வீடு, பாதிக்குப் பாதி மாடி வீடு. மருந்துப் பை வேறு தோளை இழுக்கிறது. அவள் சோப்புக் கட்டியைத் தொட்டுக் காட்டி, "இதுவே போதும் சார்" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காக அவள் பின்னால் தன்னைத் தானே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

கருவி வந்த அன்றே பழைய நோட்டுகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரே விவரம் இரண்டு இடத்தில் இருந்தால் குழப்பமாம். அவளுடைய நோட்டு ஓரமெல்லாம் பொடி எழுத்து: எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் மருமகள் மருந்தை ஒளித்து வைப்பாள், யாருக்கு ஊசியைக் காட்டாமல் போட வேண்டும். அத்தனையையும் இரண்டு நாள் உட்கார்ந்து, குச்சியால் குத்திக் குத்திக் கருவிக்குள் ஏற்றினாள். 'சேமிக்கப்பட்டது' என்றது கருவி. அவள் நம்பினாள். அப்போதே ஒரு முறை திறந்து பார்த்திருக்கலாம், யாருக்கு நேரம்?

அந்தப் பட்டியலில் மில்காரர் ஒருவர். மர அறுவை மில்லில் முப்பது வருடம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றதில் இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டன. தனி ஆள். சர்க்கரைக்காரர், காலில் ஆழமான புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றி, நான்கு மாதத்தில் அந்தக் குழியை மேடாக்கிக் கொண்டுவந்திருந்தாள் நர்ஸம்மா. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் மனுஷன் செருப்புப் போட்டு நடந்திருப்பார்.

இடையில் மகளின் பிரசவத்துக்காகப் பன்னிரண்டு நாள் லீவு போட்டாள். திரும்பி வந்து கருவியைத் திறந்தால் பட்டியலில் பதின்மூன்று வீடுதான் இருந்தது. மில்காரரைக் காணோம்.

"அவரா? அவர் வீட்ல இல்லக்கா" என்றாள் அவளுக்குப் பதிலாக வேலை பார்த்த புது நர்ஸ். "மூணு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் கதவு இடியற மாதிரி தட்டினேன். 'கதவு திறக்கப்படவில்லை'ன்னு மூணு தடவை போட்டா மெஷினே பேரை எடுத்துடும்னு சொல்லிக் கொடுத்தாங்களே."

"நான் எழுதி வச்சத நீ பாக்கலையா?"

"பாத்தேன்க்கா. அதான் டார்ச் எடுத்துட்டுப் போனேன். படி ஏறினதும் அணைச்சுட்டேன்."

நர்ஸம்மா குறிப்பைத் திறந்தாள். 'மூன்றாம் மாடி. மின்தூக்கி கிடையாது. படியில் விளக்கு எரியாது.' அவ்வளவுதான். அதற்குப் பின்னால் அவள் எழுதியது எதுவும் இல்லை. காது கேட்காது, தட்டிப் பயனில்லை, கதவை ஒட்டிய மங்கல் கண்ணாடி ஜன்னலில் டார்ச் அடித்தால் வந்து திறப்பார் என்று எழுதியிருந்தாள். தெருவிலிருந்து கட்டில் வரைக்கும் கால் போகிற வரிசையில்தான் அவள் எப்போதும் எழுதுவாள். கருவி பாதிப் படியிலேயே நின்றுவிட்டது. இடம் பற்றவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடவா அதற்கு வக்கில்லை? அந்தச் சின்னப் பெண் மேல் கோபப்படவும் முடியவில்லை.

போட்டது போட்டபடி ஓடினாள். ஜன்னலில் வெளிச்சம் பட்டதும் கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார் மில்காரர். அவர் காலைப் பார்க்கும் முன்பே வாடை சொல்லிவிட்டது.

"வேற ஆள் வருவாங்கன்னு எழுதிக் காட்டினீங்களேம்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, விவரம் சொல்கிற மாதிரி. "ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். யாருமே வரல."

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் கதவுக்கும் இரண்டு அடிகூட இல்லை. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மறுநாளே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மேலாளர் கூப்பிட்டனுப்பினார். கேஸை முடிக்க வேண்டுமாம். அவள் கருவியைத் திறந்தாள். பாதிப்புக்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது அது: நோயாளி ஒத்துழைக்கவில்லை, நோயாளி வீட்டில் இல்லை, நோயாளி தாமதமாகச் சொன்னார், பிற.

"முதல் ரெண்டுல ஏதாவது ஒண்ணப் போடுங்க சிஸ்டர். மெஷின்ல இருக்கறதும் அதுதானே, மூணு தடவை தட்டியாச்சு."

"அவர் வீட்லதான் சார் இருந்தாரு. பன்னெண்டு நாளும் இருந்தாரு."

"புரியுது. ஆனா மெஷின் தப்பா எதுவும் சொல்லலையே."

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யாருமே தப்பாக எதுவும் சொல்லவில்லை. விற்றவன் இடம் குறைவு என்று சொன்னான், புது நர்ஸ் தட்டினேன் என்று சொன்னாள், இதுவே போதும் என்று அவளே சொன்னாள். எல்லாரும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மனுஷனுக்குக் கால் இல்லை.

அவள் 'பிற' என்பதைத் தொட்டாள். குச்சி வழுக்கி இரண்டு முறை எழுத்துத் தப்பியது. அழித்துத் திருத்தி எழுதினாள்: 'நாங்கள் உள்ளே போகவில்லை.'

மேலாளர் எட்டிப் பார்த்தார். "இது மேலிடத்துக்குப் போகும் சிஸ்டர். நம்ம பேரு போயிடும்."

"அவருக்குக் காலு போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு அவள் சேமிப்பை அழுத்தினாள். பிறகு திரும்பத் திறந்து, எழுதியது முழுசாக இருக்கிறதா என்று பார்த்தாள்.