மூன்று மணி விசாரணை

யெனி மூன்றாவது முறையாகச் சொடுக்கினாள். திரையில் நீல வளையம் இரண்டு சுற்று சுற்றி நின்றது. பிரவுசர் திறக்கவில்லை. பிழைச் செய்தி எதுவும்கூட வரவில்லை.

"வந்துருச்சா தாயி?" என்று கேட்டாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெர்மெலிந்தா.

"இதோ வந்துரும் செனோரா."

வரும் என்ற நம்பிக்கை யெனிக்கு இல்லை. மணி இரண்டு இருபத்தைந்து ஆகியிருந்தது. மூன்று மணிக்கு நகரத்து நீதிமன்றத்தின் விசாரணை இந்தத் திரையில் தொடங்கும்.

ஹெர்மெலிந்தா சந்தையில் பாலாடைக்கட்டி விற்றவள். இரண்டு மாதமாகச் சந்தைப் பக்கமே வருவதில்லை. கணவன் செலெடோனியோவை விட்டு ஓடிவந்து, மேட்டு நிலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் தங்கியிருந்தாள். எங்கே என்பதை யெனியிடமும் சொல்லவில்லை. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் போட்ட தற்காலிகத் தடை இன்றோடு முடிகிறது. அதை நீட்டிப்பதா வேண்டாமா என்பதுதான் மூன்று மணி விசாரணை. இருவரும் முகம் பார்க்க வேண்டாம் என்பதற்காகவே இணையத்தில் நடத்துகிறார்கள். கடிதத்தின் கடைசி வரியை அரை மணி முன்பு யெனிதான் அவளுக்கு வாசித்துக் காட்டினாள். இருவரில் ஒருவர் இணையாவிட்டாலும் விசாரணை வேறு தேதிக்குத் தள்ளிப்போகும். தடை நீளாது.

"தள்ளிப்போச்சுன்னா நாளைக்கே அவன் என்னைத் தேட ஆரம்பிச்சுருவான்" என்றாள் ஹெர்மெலிந்தா, வானிலை சொல்வதுபோல.

யெனி மாலை வகுப்பில் கணினி படிக்க ஆரம்பித்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பகலில் சந்தையோரம் இருக்கும் அத்தையின் இணையக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். ஆறு இயந்திரங்கள், நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்புகள். கேமரா இருப்பது வாசலோரம் உள்ள ஒன்றாம் எண்ணிலும் கடைசியில் திரைச்சீலைக்குப் பின்னால் உள்ள ஆறாம் எண்ணிலும்தான். யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் ஹெர்மெலிந்தாவை ஆறில் உட்கார வைத்திருந்தாள். ஊரில் வேறெங்கும் கேமரா கிடையாது. கைபேசியில் படம் நகர்வதற்கு இந்த ஊர் சிக்னல் போதாது.

அவள் இன்ஜினியரை அழைத்தாள். இயந்திரங்களைப் பழுது பார்ப்பவரை ஊரே அப்படித்தான் கூப்பிடும்.

"ரீஸ்டார்ட் பண்ணியா?" என்றார் எடுத்தவுடன்.

"ரெண்டு தடவ பண்ணிட்டேன் இன்ஜினியர்."

"மூணாவது தடவ பண்ணு. சாமி முன்னால சிலுவைக் குறி போடறப்ப எத்தன தடவன்னு கணக்குப் பாக்கறதில்ல, மெஷினுக்கு மட்டும் பாப்பியா?"

"ஒவ்வொரு தடவையும் ஏழு நிமிஷம் ஆவுது. மூணு மணிக்குக் கோர்ட்டு."

"இங்க பாரு பொண்ணு, என் முன்னால வறுத்த கோழி ஆறிக்கிட்டிருக்கு. அந்த மெஷினை உறைய வச்சது நான். அது தப்பே பண்ணாது. கெடுத்தது நீயாத்தான் இருக்கும்."

இணைப்பு அறுந்தது. நானாகத்தான் இருக்குமோ என்று யெனியும் ஒரு கணம் நினைத்தாள்.

சனிக்கிழமை இன்ஜினியர் வந்து ஆறு இயந்திரங்களையும் உறைய வைத்துவிட்டுப் போயிருந்தார். உறைந்த இயந்திரத்தில் வருகிறவர்கள் எதைக் கெடுத்தாலும், எதை அழித்தாலும், அணைத்துப் போட்டால் சனிக்கிழமை இருந்த நிலைக்கே திரும்பிவிடும். அதனால் இந்தக் கடையில் எந்த நோய்க்கும் ரீஸ்டார்ட்தான் மருந்து. திங்கள் முதல் இந்த இரண்டு கேமரா இயந்திரங்களையும் யாரும் கேட்கவில்லை. யெனியும் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

வகுப்பு நோட்டைப் பிரித்தாள். 'நிரல் தொடங்கவில்லை என்றால்' என்ற தலைப்பில் முதல் வரி ரீஸ்டார்ட். இரண்டாவது, அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார். பார்த்தாள். ஓடும் நிரல்களின் பட்டியலில் பிரவுசர் இல்லை. மூன்றாவது வரியை எழுதும்போது தூங்கி வழிந்திருக்கிறாள். 'பூட்டு' என்ற சொல்லுக்குப் பிறகு பேனா கோடாக இறங்கியிருந்தது.

பூட்டு. ஆசிரியை சொன்னது மெல்ல நினைவுக்கு வந்தது. பிரவுசர் திறந்திருக்கும்போது தன் கோப்புறைக்குள் ஒரு சின்னப் பூட்டுக் கோப்பை வைத்துக்கொள்ளும். மூடும்போது அதை எடுத்துவிடும். பூட்டு இருந்தால், ஏற்கெனவே திறந்திருக்கிறோம் என்று நினைத்து மறுபடி திறக்காது.

கோப்புறையைத் தேடிப் பிடித்தாள். பூட்டு அங்கே இருந்தது. தேதி சனிக்கிழமை, காலை பதினொன்று பத்து.

அன்று கேமராவைச் சோதிக்கத் திறந்த பிரவுசரை மூடாமலேயே இன்ஜினியர் உறைய வைத்திருக்கிறார். திறந்திருந்த நிரலின் பூட்டும் சேர்ந்து உறைந்துவிட்டது. ரீஸ்டார்ட் பண்ணப் பண்ண, இயந்திரம் அந்தப் பூட்டைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

அழிக்கலாமா? தப்பான கோப்பாக இருந்தால் மறுபடி ஏழு நிமிடம் போகும். மணி இரண்டு நாற்பத்தாறு. அழித்தாள். சொடுக்கினாள்.

வெள்ளைச் சன்னல் விரிந்தது.

"வந்துருச்சு செனோரா."

ஹெர்மெலிந்தா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். யெனி கடிதத்தில் இருந்த முகவரியை அடித்தாள், பெயர்களை அடித்தாள், ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு முன்பக்கம் வந்தாள்.

வாசலில் ஒரு மனிதன் நின்றிருந்தான். சுத்தமான மேல்கோட்டு. வெற்றிலைபோலக் கோக்கா இலையை அடக்கிய கன்னம் புடைத்திருந்தது.

"கேமரா இருக்கற மெஷின் வேணும் பொண்ணு. கோர்ட்டு வேலை, மூணு மணிக்கு."

கடிதத்தை நீட்டினான். அதே முத்திரை, அதே நேரம். செலெடோனியோ என்ற பெயரை ஐந்து நிமிடம் முன்புதான் யெனி தன் விரலால் அடித்திருந்தாள்.

இல்லை என்று சொல்லி அனுப்பிவிட நாக்கு எழுந்தது. அனுப்பினால் போய்விடுவான். இணையவும் மாட்டான். விசாரணை தள்ளிப்போகும்.

ஹெர்மெலிந்தாவிடம் சொல்லலாமா? சொன்னால் ஓடிவிடுவாள். வெளியே போக ஒரே வழி. அது அவன் நிற்கும் வாசல்.

"உக்காருங்க" என்று ஒன்றாம் எண்ணைக் காட்டினாள். தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அவன் சொடுக்கினான். நீல வளையம் சுற்றி நின்றது.

"என்னம்மா, படிச்ச பொண்ணு நடத்துற கடைன்னாங்க. எங்க வீட்டுக் கழுதைகூட ரெண்டாவது அடிக்கு எழுந்திரிக்குமே" என்று சிரித்தான். "பதறாத. உன் கையி ஏன் இப்படி நடுங்குது?"

"குளிரு செனோர்."

அவன் தோளை உரசாமல் சாய்ந்து, பூட்டைத் தேடி அழித்தாள். கோக்கா வாடை முகத்தில் அடித்தது. இதைச் செய்வது நான்தானா, அவனுக்குக் கதவைத் திறந்துவிடுவது நான்தானா என்று உள்ளே ஏதோ கத்தியது. பிரவுசர் விரிந்தது.

ஒரே அறையில் இரண்டு மைக் திறந்திருந்தால் ஒன்றின் சத்தத்தை மற்றொன்று வாங்கி ஊளையிடும் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் ஹெட்போன் மாட்டினாள்.

"இதக் கழட்டாதீங்க. கழட்டினா அவங்களுக்கு நீங்க பேசறது கேக்காது" என்று பொய் சொன்னாள். ரேடியோவில் பாட்டைக் கூட்டி வைத்தாள். திரைச்சீலைக்குள் போய், "மெதுவாப் பேசுங்க செனோரா, மைக் நல்லா வாங்கும்" என்றாள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக நினைத்தாள்.

மூன்று மணி. நீதிபதி, நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண். திரையின் மேல் பாதியில் வந்து பெயர்களைப் படித்தார். கீழே ஹெர்மெலிந்தாவின் முகம் ஒரு கட்டத்தில். பக்கத்துக் கட்டம் கறுப்பாக இருந்து, பிறகு ஒளிர்ந்தது. செலெடோனியோ.

அவன் முகத்துக்குப் பின்னால் ஒட்டுப்பலகை தெரிந்தது. பச்சை வண்ணம். அதில் வெள்ளையில் எழுதிய '1'. ஹெர்மெலிந்தாவின் தலைக்குப் பின்னால் அதே பச்சை, அதே கையெழுத்தில் '6'.

காதுகளை மட்டுமே மூடியிருந்தாள் யெனி. கண்களை மறந்துவிட்டாள்.

ஹெர்மெலிந்தா மெல்லத் திரும்பித் தன் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு யெனியைப் பார்த்தாள். அவள் உதடுகள் வெளுத்திருந்தன.

வாசல் பக்கம் நாற்காலி உராய்ந்தது.

திரையில் செலெடோனியோவின் கட்டம் காலியாகியிருந்தது. வெறும் பலகையும் எண்ணும். நீதிபதியின் உதடுகள் அசைந்தன. ரேடியோ பாட்டுக்கு ஊடே பூட்ஸ் சத்தம் அவசரமில்லாமல் வந்தது. இரண்டாம் தடுப்பு, மூன்றாம் தடுப்பு. ஒவ்வொன்றிலும் நின்று பார்க்கிறான்.

ஓடவும் வழியில்லை. கத்தினாலும் சந்தை இரைச்சலில் கேட்காது. யெனியின் கை தானாக நீண்டது. ஹெட்போனின் வயரைப் பிடித்து இழுத்தது.

"…சொல்லுங்க செனோரா, அங்க என்ன நடக்குது?" நீதிபதியின் குரல் ஒலிபெருக்கியில் கடை முழுக்க வெடித்தது.

திரைச்சீலை விலகியது.

"இங்கதான் இருக்கியா கண்ணு? ரெண்டு மாசமா உன்னைத் தேடாத எடமில்ல" என்றான் செலெடோனியோ. அன்பாகத்தான் சொன்னான். கையை நீட்டினான்.

"வந்துட்டான்" என்றாள் ஹெர்மெலிந்தா. அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, கேமராவைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, என் பின்னால நிக்கறான்."

"தெரியுது" என்றார் நீதிபதி. "செனோர் செலெடோனியோ, உங்க கையை நான் பார்த்துக்கிட்டிருக்கேன். பதிவாகிக்கிட்டிருக்கு. தடை இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் இருக்கு. பின்னால போங்க."

அவன் திரையைப் பார்த்தான். அதில் தன்னையே பார்த்தான்: புடைத்த கன்னம், நீட்டிய கை, அதன் கீழே ஒரு தொப்பி. கை மெல்ல இறங்கியது.

"நான் பேசத்தான் வந்தேன்" என்றான்.

"ஒன்னாம் நம்பர் சீட்டுல உக்காந்து பேசுங்க" என்றார் நீதிபதி.

அவன் உட்காரவில்லை. யெனியை ஒரு முறை பார்த்தான், முகத்தை மனப்பாடம் செய்வதுபோல. பூட்ஸ் சத்தம் வாசலைத் தாண்டியது. யெனி ஓடிப்போய் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே தாழ் போட்டாள். கடை இருண்டது. திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது.

நீதிபதி தீர்ப்பைப் படித்தார். தடை ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது. முந்நூறு மீட்டருக்குள் வரக் கூடாது. இன்று நடந்தது தனி வழக்காகும். ஊர்க் காவல் நிலையத்துக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்கள் வருகிறார்கள்.

"விசாரணை முடிஞ்சுது செனோரா."

"அம்மா" என்றாள் ஹெர்மெலிந்தா. "அவங்க வர்ற வரைக்கும் இத மூடாம இருக்க முடியுமா?"

நீதிபதி யாரையோ திரும்பிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மூடல. இங்கயேதான் இருக்கேன்."

யெனி கீபோர்டைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தாள். மவுஸைத் தொடாமல் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். இந்தச் சன்னல் இப்போது மூடிவிட்டால்? மின்சாரம் போனால்? தான் சரிசெய்தது சரிதானா என்று அவளுக்கு இன்னும் நிச்சயமில்லை. திரையின் மூலையில் இணைப்பைக் காட்டும் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷட்டரில் யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு.

இருவரும் அசையவில்லை.

"யாருன்னு கேளுங்க" என்றார் நீதிபதி. "பேரையும் போலீஸ் நம்பரையும் சொல்லச் சொல்லுங்க. நான் சரிபார்த்துச் சொன்ன பிறகு திறந்தாப் போதும்."

யெனி எழுந்தாள். ஹெர்மெலிந்தா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கூடவே எழுந்தாள். இருவருமாக இருட்டில் ஷட்டரை நோக்கி நடந்தார்கள்.