கொஞ்சம் ட்ரெபிள் ஏற்றியவன்

முதல் கடிதம் வந்தபோது சிரித்தேன். மூன்றாவது வந்தபோது எரிச்சல் வந்தது. பதினோராவது கடிதத்தை முதலாளியே கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். அவரே எழுந்து வந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"உங்கள் சிடியைப் போட்டேன். தாளத்தட்டின் ஒவ்வொரு அடியும் காதுக்குள் ஊசி ஏற்றுகிறது. என்னிடம் இருக்கும் தேய்ந்துபோன இசைத்தட்டே தேவலை. இதைச் செய்தவருக்குக் காது இருக்கிறதா?" என்று எழுதியிருந்தார் யாரோ ஒரு மகானுபாவர்.

காது இருக்கிறதாவா? இருபத்தாறு வருஷமாக இந்தக் காதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

எங்களுடையது சின்னக் கம்பெனி. அறுபதுகளில் இங்கிலாந்தில் சில பையன்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் என்னும் சோகப் பாட்டைக் கேட்டுக் கிறங்கிப்போய், தாங்களும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் போட்ட ஆல்பங்களின் உரிமையை வாங்கி, மூல ஒலிநாடாவிலிருந்து சிடியாக மறுபடி வெளியிடுவோம். நாடாவை ஓட்டி, எங்கே மங்குகிறது, எங்கே பிசிறடிக்கிறது என்று கேட்டு, திருகுகளைத் திருப்பிச் சரிசெய்வது என் வேலை. கனத்த சத்தத்துக்கு ஒரு திருகு, கீச்சென்ற மேல்சத்தத்துக்கு ட்ரெபிள் என்று ஒரு திருகு. கடைசியாக வந்த நான்கு ஆல்பங்களுக்கும்தான் இந்த அர்ச்சனை.

"நாடா வருஷத்துக்கு வருஷம் மங்குது சார். நான்தான் ட்ரெபிளைக் கொஞ்சம் ஏத்தித் தூக்கி நிறுத்தறேன். இவங்களுக்குத் தேய்ஞ்ச தட்டுலயே கேட்டுப் பழகிடுச்சு" என்றேன்.

"பதினோரு பேருக்குமா?"

கடிதத்தை மடித்து உறைக்குள் திணித்தேன். முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்தது நீங்க ஆசையா கேட்டு வாங்கின ஆல்பம். அதுவும் இப்படி வந்துச்சுன்னா இந்த வரிசையையே நிறுத்திடலாம்" என்றார்.

அந்த ஆல்பத்துக்காக ஒன்பது வருஷம் அவர் உயிரை வாங்கியிருக்கிறேன். பதினாறு வயதில், மாமா வீட்டு மாடி அறையில், ஒரு மத்தியானம் முழுக்க அதைக் கேட்டேன். அன்றிலிருந்து நான் பாதி நாள் இந்த உலகத்தில் இல்லை. அது கெட்டுப்போய் வெளிவந்தால் என்னால் தாங்க முடியாது. வேலை போனாலும் பரவாயில்லை, அது கெடக் கூடாது.

என் அறைக்கு ஜன்னல் கிடையாது. நாடா சுழல ஆரம்பித்ததும் சுவர்கள் மெதுவாக விலகிவிடும். அதை வாசித்த ஐந்து பேர் வட்டமாக நிற்பது தெரியும். தரையில் கிடக்கும் ஒயர்களைத் தாண்டி அவர்களுக்கு நடுவே போய் நிற்பேன். ஒருவன் கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடியிருப்பான், அவன் இழுக்கும் கம்பி என் முதுகுத்தண்டில் ஓடும். மணி பத்தா, நாலா, தெரியாது. இரண்டு வாரம் அப்படித்தான் கிடந்தேன். இந்த நாடாவும் மங்கலாகவே இருந்தது. பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ட்ரெபிளை ஏற்றினேன்.

அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மனைவி முன்னறையில் தையல் மிஷினில் யாருடைய ரவிக்கைக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள். மகள் வாயில் தெர்மாமீட்டர். வெயில் கட்டில்வரை வந்திருந்தது. நான் பாட்டுக்கு மனசுக்குள் அந்த ஐந்து பேரோடு இருந்தேன்.

"அதை எடுங்களேன். அது அப்பவே கத்திடுச்சு" என்றாள் மனைவி, மிஷினை நிறுத்தாமலே.

"எது?"

"தெர்மாமீட்டர்தான். இங்க எனக்கே கேக்குது."

எடுத்துப் பார்த்தேன். நூற்றொன்று. மகள் அதைப் பிடுங்கி, பட்டனை அழுத்தி, என் காதோரம் வைத்தாள்.

"இப்ப கத்துதுப்பா."

"விளையாடாதடா."

"நிஜமா. இதோ, மறுபடி. கேக்கலையா?"

இல்லை. அவளுக்கு இது நல்ல விளையாட்டாகப் போயிற்று. காய்ச்சலோடு சிரித்துச் சிரித்து அழுத்தினாள். மிஷின் நின்றது. மனைவி வாசற்படியில் வந்து நின்று என் முகத்தையே பார்த்தாள். மகளிடமிருந்து அதை வாங்கி, நானே அழுத்திக் காதில் ஒட்டிப் பார்த்தேன்.

மறுநாள் காது டாக்டர் என் காதின் கதையைத் தாளில் கோடாகப் போட்டுக் காட்டினார். பாதிவரை நேராக வந்த கோடு, பிறகு மாடிப்படியில் உருண்ட மாதிரி விழுந்து கிடந்தது. மேல்சத்தங்கள் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும் என்றார். நாடா மங்கவே இல்லை. மங்கினவன் நான். என் காதுக்கு எட்டும்வரை ஏற்றி ஏற்றி, நாலு நல்ல ஆல்பங்களை ஊரார் காதில் குத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் ஏறாமல் வீடுவரை நடந்தே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கம்பெனியில் என் அறைக்கு அழைத்துப் போனேன்.

"எனக்கு என்னங்க தெரியும்? வயித்து வலிக்காரன் முனகறாப்பல இருக்கும் உங்க பாட்டு" என்றாள். ஆனாலும் வந்தாள்.

என் நாற்காலியில் அவளை உட்காரவைத்தேன். முதலில் நான் செய்து வைத்ததைப் போட்டேன். நாலு நொடிகூட இல்லை, ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள்.

"என்னங்க இது, தகரத்தைச் சுரண்டறாங்க."

பிறகு மாமாவிடமிருந்து வந்த, அதே ஆல்பத்தின் இசைத்தட்டை ஓட்டிக் கேட்கச் சொன்னேன். "இந்த மாதிரி வர்ற வரைக்கும் இதைத் திருப்பு" என்று அவள் விரலை ட்ரெபிள் திருகின்மேல் வைத்தேன். துணியின் அளவைக் கண்ணாலேயே சொல்கிறவள். நூல் பிடிக்கிற மாதிரி திருகைப் பிடித்துக்கொண்டு, தட்டுக்கும் நாடாவுக்குமாக மாறி மாறிப் போய்வந்தாள். நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் இறக்க இறக்க என் ஐந்து பேரும் ஒவ்வொருவராக என்னை விட்டுப் போனார்கள். கிட்டார்மேல் யாரோ கம்பளியைப் போர்த்தினார்கள். தாளத்தட்டு காணாமலே போயிற்று.

திருகு பூஜ்யத்துக்கு வந்து, நாடா தன் சொந்தச் சத்தத்தில் ஓடியபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் பாட்டுக்கு அவள் கண் மூடி நான் பார்த்ததில்லை.

"பாடறதுக்கு முன்னாடி ஒருத்தர் மூச்சை இழுக்கறாரு. பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. கேக்குதா?"

அந்த மூச்சு எனக்குத் தெரியும். மூன்றாவது பாட்டு. நேற்றுகூடக் கேட்டேனே! நாடாவைப் பின்னால் ஓட்டி, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. நேற்றும் ஒன்றும் இருந்திருக்காது. பதினாறு வயதில் கேட்டதைத்தான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கேக்கல" என்றேன்.

அவள் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். மறுபடி ஓட்டச் சொன்னாள். அந்த இடம் வந்ததும் என் கையைப் பிடித்து, பாடகனோடு சேர்ந்து தானும் மூச்சை இழுத்துக் காட்டினாள். அவள் தோள் உயர்ந்து தாழ்ந்தது.

"இவ்வளவுதான். அப்புறம் பாடறாரு. நல்லா இருக்குங்க."

எனக்கு அது சுவருக்கு அப்பால் யாரோ பேசுவதாகத்தான் இருந்தது. ஆனாலும் இதுதான் சரி என்று எனக்குத் தெரிந்தது. மூன்று மணிநேரம் உட்கார்ந்து பத்துப் பாட்டையும் முடித்தோம். முதலாளிக்குப் போகும் படிவத்தில் ட்ரெபிள் பூஜ்யம் என்று குறித்தேன். அதற்குக் கீழே 'கேட்டுச் சரிபார்த்தவர்' என்று ஒரு கோடு இருக்கும். அதில் அவள் பெயரை எழுதினேன்.