சான் சிப்ரியானோவின் கடைசி பெனால்டி

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தால் கோல்கீப்பர் தடுக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து நிற்க வேண்டும். தப்பு நம்முடையது என்றால் பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும் என்பது மிஸ்டர் பின்னாக்கின் கட்சி.

பின்னாக் ரயில் பட்டறையின் மேலாளர். இங்கிலாந்திலிருந்து வரும்போது பெட்டியில் சட்டைகளோடு ஒரு பந்தையும் வைத்துக்கொண்டு வந்தவர். புவெனோஸ் அயர்ஸுக்குத் தெற்கே, பட்டறைக்குப் பின்னால் இருந்த முள்காட்டைத் தன் கையாலேயே வெட்டித் திருத்தி, சான் சிப்ரியானோ அத்லெடிக் கிளப்பைத் தொடங்கினார். முதலில் பதினொருவரும் இங்கிலீஷ்காரர்கள். அவர்களுக்குத் தொப்பை விழுந்து மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். பின்னாக் மட்டும் தலை நரைத்தும் விடவில்லை; பின்வரிசையில் ஆடினார், கேப்டனும் அவர்தான்.

நான் செவெரீனோ கானேப்பா. ஜெனோவாவிலிருந்து கப்பலேறி வந்த ரொட்டிக்காரரின் மகன், பட்டறையில் சம்மட்டி அடிப்பவன், அந்தக் கிளப்பின் கோல்கீப்பர். எத்தனையோ பெனால்டிக்கு டிராம் வண்டிக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றிருக்கிறேன். "என்னடா, மாத்தே டீ போட்டுக் கொண்டாரவா?" என்று வெளியிலிருந்து கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1911இல் ரயில் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. கிளப் முதல் பிரிவில் இருக்கும்வரை மைதானம் எங்களுக்கு. கீழே இறங்கினால் அங்கே தண்டவாளம் போட்டுச் சரக்கு வண்டிகளை நிறுத்துவார்கள். வருஷத்தின் கடைசி ஆட்டம் வீயா லூனா அணியோடு. சமன் செய்தாலே போதும், தப்பித்துவிடுவோம்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஆளுக்கு ஒரு கோல். அப்போதுதான் எங்கள் கொதிகலன்காரன் எலீசியோ, அவர்களுடைய ஒகாம்போவின் காலை வாரிவிட்டான். நடுவர் பெனால்டி கொடுத்தார்.

எலீசியோ என்னிடம் ஓடி வந்தான். "டேய், இன்னைக்கும் அந்தக் கம்பத்துல போய் சாஞ்ச, உன்னைக் கொன்னுடுவேன்."

"பெரியவரு பாக்குறாருடா."

"பாக்கட்டும். மைதானம் போனா அந்த மனுஷன் செத்துருவாரு. அவருக்காகத்தான் சொல்றேன், புடி!"

எனக்கும் அதே நினைப்புதான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக வந்து புல்லுக்குத் தண்ணீர் விடுவார். நான் நடுவில் போய் நின்றேன். பின்னாக் என்னையே பார்த்தார்.

ஒகாம்போ சிரித்தான். "அட, இன்னைக்கு முழிச்சுக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு இடது மூலைக்கு உதைத்தான். பாய்ந்தேன். விரல் நுனியில் பட்டுப் பந்து முன்னால் தெறித்தது. எலீசியோ "தடுத்துட்டான்டா!" என்று குதித்தான். பந்து உருண்டு பின்னாக்கின் காலடிக்குப் போயிற்று.

அதைத் தூர உதைத்திருந்தால் முடிந்தது கதை. அவர் நிதானமாக அதைத் திருப்பி, தரையில் கிடந்த என்னைத் தாண்டி, எங்கள் கோலுக்குள்ளேயே தட்டிவிட்டார்.

நடுவருக்கே விசிலை ஊதக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல எதிரணிக்குத் தேநீர். பின்னாக்தான் ஊற்றிக் கொடுத்தார். ஒகாம்போ கோப்பையோடு என்னிடம் வந்தான்.

"என்னப்பா, உங்க ஆளுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?"

"வாயை மூடிக்கிட்டுக் குடி" என்றேன்.

எனக்குக் கொடுக்க வேண்டிய கோப்பையைப் பின்னாக் கடைசியில் தானே எடுத்து வந்தார். "பிரமாதமா பாஞ்சீங்க, கானேப்பா. அப்படி ஒரு பாய்ச்சல் நான் பார்த்ததில்லை."

"அப்புறம் எதுக்குய்யா உள்ள தட்டுனீங்க? எல்லாம் போச்சே!"

"அது அவங்க கோல். நீங்க எடுத்துட்டீங்க, நான் திருப்பிக் கொடுத்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் கோப்பையை அவர் மேலேயே வீசியிருப்பேன். வீசவில்லை, குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

கோடை முடிவதற்குள் கம்பெனி ஆட்கள் தண்டவாளங்களோடு வந்துவிட்டார்கள். பட்டறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தோம். மேலாளர் என்ற முறையில் பின்னாக் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மாதமாவது தள்ளிப்போட்டிருக்கலாம். எலீசியோ கெஞ்சிக்கூடப் பார்த்தான். "வேலையைப் பாருங்க" என்று அந்த ஆட்களிடம் சொல்லிவிட்டு அவர் கோல் கம்பத்தை நோக்கி நடந்தார். கையைக் கட்டிக்கொண்டு அதில் சாய்ந்து நின்றார்.

அவர்கள் நடுக்கோட்டிலிருந்து புல்லைக் கொத்த ஆரம்பித்தார்கள். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. போய் மறு கம்பத்தில் சாய்ந்து நின்றேன்.