பாக்கெட்டுக்குப் பத்து

மலையாளச் சீமையில், சாலைக் கடைத்தெருவில் ஆறுமுகசாமி என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். ஈரம் அண்ணாச்சி என்று கேட்டால் ஒரே ஆள்தான். நாற்பது வருஷம் அரிசி, பயறு மொத்த வியாபாரம். லாரி வந்து நின்றால் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "பதினாலு ஈரம். கழிச்சுத்தான் எடை போடுவேன்" என்பார். மிஷின் வைத்துப் பார்த்தாலும் பதினாலுதான் காட்டும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஈரத்தில் கணக்குத் தப்பியது என்றால் கடைத்தெருவில் ஒருத்தனும் நம்பமாட்டான். தப்பத்தான் செய்தது, அதுவும் பத்தே பத்துக் கொழுக்கட்டையில்.

கொழுக்கட்டை என்று அவர்தான் சொல்லுவார். பாக்கெட்டில் மோமோ என்று போட்டிருக்கும். மனைவி உலகம்மாள் போன ஆடியில் போய்ச் சேர்ந்தாள். கீழே இருந்த கடையைச் செல்போன்காரனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, அவர் மேல்மாடியில் தனியாக இருந்தார். அடுப்படியில் வெந்நீர் வைப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கால் வீங்குகிறது என்று போனதற்கு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, "புரதம் ரொம்பக் குறைவு, என்னதான் சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். காலையும் ராத்திரியும் சாயாவும் பன்னும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

புனேயில் இருக்கிற மகன் சுனில் அதற்கு வழி கண்டுபிடித்தான். வாராவாரம் புதன்கிழமை உறைய வைத்த மோமோ பாக்கெட் வீட்டு வாசலுக்கு வரும். உள்ளே சோயாவும் பன்னீரும், சைவம். ஆவியில் பத்து நிமிஷம். 'புரதம் நிறைய இருக்கு அப்பா' என்று செய்தி அனுப்பினான். பாக்கெட் வந்ததும் இவர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவார், அவன் திருப்பி ஒன்று அனுப்புவான். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

பாக்கெட்டின் முதுகைக் கண்ணாடி போட்டுப் படித்தார். பத்து எண்ணம், இருநூற்றைம்பது கிராம். பூரணம் சரிபாதி. நூறு கிராமுக்குப் புரதம் ஒன்பது. வியாபாரிக்குக் கை சும்மா இருக்குமா? ஏலக்காய் நிறுக்கிற சின்ன மின்தராசை எடுத்து வைத்து, அவித்த பத்தையும் பிட்டு, மாவு வேறு பூரணம் வேறாகப் பிரித்து நிறுத்தார். பூரணம் நூறு கிராம்தான் நின்றது. நூற்றிருபத்தைந்து எங்கே, நூறு எங்கே. பூரணம் குறைந்தால் புரதமும் குறையுமே. இவனுகளுக்கு என்ன தைரியம் இருந்தால் ஆறுமுகசாமியிடமே எடையில் விளையாடுவான்கள் என்று பாக்கெட்டில் இருந்த நம்பரைப் போட்டுப் புகார் கொடுத்தார்.

வியாழக்கிழமை நாலு மணிக்குக் கழக்கூட்டத்தில் இருக்கிற கம்பெனி ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். முதலில் மலையாளத்தில் தொடங்கினாள். இவர் பேச்சைக் கேட்டதும், "சார் தமிழா? நான் பாறசாலைக்காரி, ஆதிரா. வீட்ல தமிழ்தான்" என்றாள். எடையைக் கேட்டாள், படம் கேட்டாள், எல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டாள். புகார் முடியும்வரை வியாழந்தோறும் கூப்பிடுவேன், அடுத்த பாக்கெட்டையும் நிறுத்துப் பாருங்க என்றாள். வைக்கப் போகும்போது, சாப்பிட்டாச்சா என்பதை அந்தப் பக்கத்துப் பேச்சில் சும்மா ஒரு வார்த்தை கேட்டாள்.

"சார் சாப்பாடு கழிஞ்சா?"

அண்ணாச்சி காதிலிருந்து போனை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எட்டு மாசமாக அவரை யாரும் அதைக் கேட்கவில்லை. "கழிஞ்சு மக்களே" என்று பெற்ற பிள்ளையிடம் சொல்லுகிற மாதிரிச் சொல்லி வைத்தார். உண்மையில் பிட்டுப் போட்டதெல்லாம் தட்டில் ஆறிக் கிடந்தது.

அடுத்த வாரம் புதுப் பாக்கெட். இந்தத் தடவை அவிப்பதற்கு முன்னாலேயே, பாதி இளகின பதத்தில் தோலை உரித்து நிறுத்தார். பூரணம் நூற்றிருபத்துநாலு. ஒரு கிராம் கத்தியில் ஒட்டியிருக்கும். தராசையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆவியில் மைதா தண்ணீர் குடித்துக் கனக்கும், பூரணம் நீர்விட்டுச் சுருங்கும். வெந்ததை நிறுத்துவிட்டு வேகாததன் எடையைக் கேட்டிருக்கிறார். ஊரான் மூட்டையில் எல்லாம் ஈரம் கழித்தவர், தன் வீட்டு இட்லிப் பானையில் கோட்டைவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆதிரா கூப்பிட்டதும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. "எடை மறுபடி பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். இன்னும் குறையுது" என்றார்.

பச்சைப் பொய். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். ஆனால் அவள் கடைசியில் சாப்பாடு கழிஞ்சா என்று கேட்டாள், அன்றைக்கு முழுக்க அவருக்கு மனசு நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. மூன்றாம் வாரம் உப்பு கூடுதல் என்றார். நாலாம் வாரம் மைதாவில் என்ன சத்து இருக்கு என்று சண்டைக்குப் போனார். அவள் ஆய்வுக்கூடத்துச் சான்றிதழை வரிவரியாக வாசித்துக் காட்டினாள். வியாழக்கிழமை என்றால் மூன்றரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். போனில் சட்டை தெரியாது என்பது அவருக்குத் தெரியாமலா?

ஐந்தாம் வியாழன் ஆதிராவின் குரல் இறங்கிக் கிடந்தது.

"சார், ஒரு காரியம் சொல்லட்டா? முப்பது நாளாகப் போகுது. முடியாத புகார் கையில இருந்தா என்னை வேலையில நிரந்தரமாக்க மாட்டாங்க. சனிக்கிழமை முடிவு சொல்லுவாங்க. சாருக்கு நெஜமாவே எடை குறைவுன்னா நான் ஒண்ணும் சொல்லல. ஆளனுப்பிப் பாக்கச் சொல்லுதேன்."

"முடிச்சிட்டா நீ பிறகு போன்ல விளிக்க மாட்டியோ?"

"புகார் இல்லாம விளிக்க முடியாது சார். உங்க நம்பரே எனக்குக் காட்டாது."

"வேற புகார் கொடுத்தா?"

"ரெண்டு மாசத்துக்குள்ள கொடுத்தா பழையதுதான் திறக்கும். சரியா முடிக்கலன்னு என் தலையிலதான் விழும்."

கீழே செல்போன் கடையில் யாரோ மணியோசைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியின் மனசுத் தராசில் கொழுக்கட்டை எடை ஒரு பக்கமும் கிடையாது. ஒரு பக்கம் இந்தப் பிள்ளையின் வேலை, இன்னொரு பக்கம் வாரத்தில் ஒரு நாலு மணி. அந்த நாலு மணி அவருக்கு எவ்வளவு பெரிது என்று அவருக்குத்தான் தெரியும்.

"எடை சரியாத்தான் இருக்கு மக்களே. நான் அவிச்சதுக்குப் பிறகு நிறுத்துட்டேன். ஈரத்தைக் கழிக்கல. ரெண்டாவது வாரமே தெரியும்."

"பிறகு எதுக்கு சார் இத்தனை வாரம்?"

"நீ சாப்பாடு கழிஞ்சான்னு கேப்பேல்லா. அதுக்குத்தான்."

அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். பேச்செல்லாம் பதிவாகிறது என்று அவருக்குத் தெரியும். பிறகு எழுதிவைத்ததைப் படிக்கிற குரலில், "உங்கள் புகார் முடிக்கப்பட்டது. வேறு ஏதாவது உதவி வேணுமா?" என்றாள்.

"வேண்டாம். வேலை உனக்குக் கிடைக்கும்."

அவராகவே வைத்துவிட்டார். அவள் கடைசியாக அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருப்பாளோ என்னவோ. பொறுத்திருந்தால் கேட்டிருக்கலாம் என்று அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை பாக்கெட் வந்தது. சுனிலுக்குக் கட்டைவிரல் போனது. வியாழக்கிழமை மூன்றரைக்குக் கை தானாகச் சட்டையைத் தேடியது. சீ, என்று அதைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாக்கெட்டைக் கத்தரித்துத் தட்டில் கவிழ்த்தார். பழக்கதோஷம், எண்ணினார். ஒன்பது.

பாக்கெட்டைக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார். தராசில் வைத்தார். இருநூற்றிருபத்தைந்து. இன்னும் வேகவில்லை, ஈரம் கழிக்க வேண்டியதில்லை. இந்தத் தடவை நியாயம் முழுக்க இவர் பக்கம். போனை எடுத்து அந்த நம்பரைக் கடைசி எண் வரை போட்டார். மணி நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது.

புகார் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அழைக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தார். ஒன்பதையும் இட்லித் தட்டில் அடுக்கி, குழி ஒன்று காலியாக இருந்தது, மூடி வைத்து அடுப்பைப் பற்றவைத்தார். வெந்ததும் நின்றபடியே ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். புரதம் இருபது கிராம் இருக்கும். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கழிஞ்சு மக்களே" என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னார்.