கிண்ணத்தில் ஊற்றிய ஒயின்

வீடு வாங்க வருகிறவரை விரட்டியடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஒதீலின் திட்டம். வாய்விட்டுச் சொல்ல வழியில்லை. "ஆள் கிடைச்சா நான் குறுக்கே நிக்க மாட்டேன்" என்று தங்கை மிரேயிடம் ஏதோ வேகத்தில் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தாள். அப்பா போன பிறகு அந்த மாளிகை இருவருக்கும் பாதிப் பாதி. போர்தோ நகரத்தில் குடியிருக்கும் மிரேய்க்கு அது ஓயாத கூரைச் செலவு. ஒதீலுக்கோ அதை விட்டால் போக்கிடமும் இல்லை, போக மனமும் இல்லை.

பழைய மாளிகைகளை ஊருக்கெல்லாம் திறந்துவிடும் செப்டம்பர் ஞாயிறு அது. வந்தவர்கள் புறாக் கோபுரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பசியோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். வீட்டைக் காட்ட மிரேய் அழைத்து வந்த வெர்னே நடுநாயகமாக இருந்தார். பாரிஸில் ஓட்டல்கள் வைத்திருப்பவர். சட்டை கசங்காமல் சாப்பிடத் தெரிந்த மனிதர்.

பூண்டு சூப் வந்தது. ஒதீல் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தாள். கரண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அது மூழ்கும்வரை சிவப்பு ஒயினை ஊற்றினாள். கரண்டியை எடுத்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, கூடமே திரும்பிப் பார்க்கும்படி உறிஞ்சினாள். பண்ணை வீட்டு அடுப்படியில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்தக் கூடத்தில், விருந்தாளிகள் முன்னால் செய்வதை அம்மா இருந்து பார்த்திருந்தால் மயங்கியே விழுந்திருப்பாள். ஒதீல் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெர்னேயைப் பார்த்தாள்.

அவர் முகம் மலர்ந்து கிடந்தது.

"அடடா! மேடம், இதைத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன். வீட்டை எடுத்துக்கறேன். நீங்க எங்கயும் போக வேணாம். தினம் மதியம் விருந்தாளிங்க முன்னாடி இதே மாதிரி குடிச்சுக் காட்டினா போதும். தலையில ஒரு பழைய தொப்பி இருந்தா இன்னும் எடுப்பா இருக்கும். சத்தம் மட்டும் குறையக் கூடாது."

"தொப்பி என்கிட்ட இருக்கு, வாத்துப் பண்ணை வாசனையோட தர்றேன்!" என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர் ஃபெர்னான். மேசையே சிரித்தது. ஒதீல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

மிரேய் சிரிக்கவில்லை.

"மொசியே வெர்னே, அடுத்தது வாத்துக்கறி வருது, அக்ரூட் கேக்கும் இருக்கு. வயிறாரச் சாப்பிடுங்க. வீடு விக்கறதுக்கு இல்ல."

"என்ன மேடம், காலையிலதானே..."

"காலையில சொன்னேன்தான். எங்க அப்பா இப்படித்தான் குடிப்பாரு. அதை வேடிக்கை காட்ட எங்க வீட்ல ஆள் இல்ல."

வெர்னே வாத்தைச் சாப்பிட்டார், கேக்கைச் சாப்பிடவில்லை.

எல்லோரும் போன பிறகு அக்காவும் தங்கையும் பாத்திரம் கழுவினார்கள். நினைத்தது நடந்தும் ஒதீலுக்கு நெஞ்சில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

"மிரேய், அந்த ஆளுக்கு அருவருப்பா இருக்கட்டும்னுதான் நான் அப்படி..."

"தெரியும்க்கா. அப்பா ஒருநாளும் சத்தம் போட்டுக் குடிச்சதில்ல."

ஒதீலுக்குக் காது சுட்டது. அப்பாவை முதலில் வேடிக்கைப் பொருளாக்கியது வெர்னே இல்லை, தான்தான். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

மிரேய் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டியில் மிஞ்சியிருந்த சூப்பை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். ஒயின் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சரி, அழுதது போதும். உக்காரு. இப்ப ஒழுங்கா குடி."